ஒரு சோறு பதம் சொல்லுமா?

கண்ணுகளா, ஒரு கணக்கோடு ஆரம்பிக்கலாம். ஒரு கிலோ அரிசியில் எத்தனை மணி இருக்கும்? ரகத்துக்கு ரகம் மாறும். ஆனாலும் ஏறக்குறைய 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 50,000 மணியும் வெந்துவிட்டதா என்று பார்க்க உங்கள் வீட்டில் எத்தனை மணியை எடுத்து நசுக்குகிறார்கள்? ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழமொழி வேறு சொல்லிவிடுகிறார்கள். தேர்தல் காலத்தில் கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள்கூட ஆயிரம் பேரையாவது கேட்கிறார்கள். நாமோ ஒரே ஒரு பருக்கையை நம்பி அடுப்பை அணைத்துவிடுகிறோம். அது எப்படித் தப்பாமல் சரியாக வருகிறது?

இதற்கு விடை தேட, தை மாதம் முதல் நாள் காலையில் துடியலூருக்குப் போவோம், வாங்க.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், கவுண்டம்பாளையத்தைத் தாண்டினால் துடியலூர். 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. தோட்டம் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. ஆனால் மேற்கே திரும்பினால் மலை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. துடியலூரை ஒட்டிய வடமதுரையில் ஒரு பழைய சிவன் கோயில் உண்டு. சாமியின் பெயர் விருந்தீஸ்வரர். பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவனே விருந்து வைத்த இடம் என்பது ஊரில் சொல்லும் கதை. விருந்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் சாமி இருக்கிற ஊரில் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

கொங்கு நாட்டில் பொங்கல் ஒரே நாளில் முடிவதில்லை. முந்தின நாளே காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளைப் பஞ்சு போன்ற பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி, வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் செருகிவைப்பார்கள். பிறகு பெரும் பொங்கல். அடுத்து மாட்டுக்குப் பட்டிப் பொங்கல். அதற்கும் அடுத்து, பெண்பிள்ளைகள் பலகாரத்தைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு பூப்பறிக்கப் போவது. நமக்கு முக்கியம் பானை. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. அதன்மேல் புதுப் பானை. புதுப் பானையை அப்படியே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். ஓரிரு நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றிக் காய்ச்சுவார்கள். இதற்குப் பானையைப் பழக்குவது என்று பெயர். மாட்டைப் பழக்குவதுபோல! சுட்ட மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து அந்தத் துளைகளில் போய் அடைத்து, சூடு பட்டதும் பசையாகிக் கெட்டியாகிவிடும். பானை ஒழுகாது. இனி அது சமையல் பானை.

தண்ணீர்ப் பானைக்கோ இதே துளைகள் திறந்தே இருக்கவேண்டும். துளை வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமே, அதை உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போனால், ஏறத்தாழ 580 கிராம் நீரை ஒரு டிகிரி குளிரவைக்கும் அளவுக்கு வெப்பம் அதோடு வெளியேறுகிறது. இரண்டும் மண்பானைதான். ஒன்றில் துளையை அடைக்கிறோம், இன்னொன்றில் அடைக்காமல் விடுகிறோம்.

சரி, பானை பொங்குவது ஏன்? வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் பொங்கி வழிவதில்லையே! தண்ணீரில் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பொங்கல் பானையிலோ பாலும் ஊற்றுகிறோம். பாலில் புரதம் இருக்கிறது. சூடேறியதும் அது குமிழியைச் சுற்றி மெல்லிய தோல்போலப் படிந்து, உடையவிடாமல் தாங்கிக்கொள்ளும். உடையாத குமிழி மேல் குமிழி ஏறி நுரையாகும். பல வீடுகளில் பாலோடு அரிசி களைந்த நீரையும் ஊற்றுவார்களே, கவனித்திருக்கிறீர்களா? அதிலிருக்கும் மாவுச்சத்து நுரையை இன்னும் பிடிவாதமாக்குகிறது. பானையின் வடிவமும் சும்மா இல்லை. வயிறு அகலம், கழுத்து ஒடுக்கம். அகலமான வயிற்றில் உண்டான நுரை முழுவதும் ஒடுங்கிய கழுத்து வழியாக ஏறியாக வேண்டும். அதனால் விருட்டென்று ஏறும். வாயகன்ற வாணலியில் பொங்கல் வைத்துப் பாருங்கள், குலவையிட வாயைத் திறந்தபடி வெகுநேரம் நிற்கவேண்டியதுதான்.

பானை பொங்கியதும் அரிசி உள்ளே போகிறது. இப்போது நம் ஒற்றைப் பருக்கையிடம் வருவோம்.

கொதிக்கிற பானைக்குள் எட்டிப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றுதான். அரிசி ஓரிடத்தில் நிற்கிறதா? இல்லை. அடியில் சூடான நீர் மேலே வருகிறது, மேலே இருந்த நீர் கீழே போகிறது. அந்தச் சுழற்சியில் ஒவ்வொரு மணியும் மேலும் கீழுமாய் ஊர்வலம் போகிறது. இதற்கு வெப்பச்சலனம் என்று உங்கள் பாடப்புத்தகம் பெயர் வைத்திருக்கிறது. கால் மணி நேர ஊர்வலத்தில் எல்லா மணிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சூடு கிடைத்துவிடுகிறது. ஆகவே எந்த மணியை எடுத்தாலும் அது மற்ற மணிகளின் நிலையையே சொல்லும். பழமொழி பலிப்பதற்குக் காரணம் அந்தச் சோறு அல்ல, அதைச் சுழற்றிவிட்ட தண்ணீர்.

அப்படியானால் பழமொழி பொய்க்கும் இடமும் இருக்கவேண்டுமே? இருக்கிறது. தண்ணீர் வற்றிவிட்டால் சுழற்சி நின்றுவிடும். அதன்பிறகு அடியில் பிடிக்கும், மேலே அரைவேக்காடாக நிற்கும். கல்யாண வீட்டு அண்டாவில் சோறு வடிக்கும் சமையல்காரரைக் கவனியுங்கள். அவர் ஒரு சோற்றை நம்புவதில்லை. நடுவில் ஒரு கரண்டி, ஓரத்தில் ஒரு கரண்டி, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்ப்பார். கலக்காத பானைக்கு ஒரு சோறு போதாது என்று அவருக்குத் தெரியும். புள்ளியியல் படிக்கப்போகும்போது 'மாதிரி எடுத்தல்' என்று ஒரு பாடம் வரும். அதன் முதல் விதி இதுதான்: நன்றாகக் கலக்காத கூட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் எடுத்த மாதிரியை நம்பாதே.

எடுத்த பருக்கையை விரலிடுக்கில் நசுக்குகிறார்களே, எதைப் பார்க்கிறார்கள்? நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதா என்று. அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, கண்ணாடிபோல் ஆகும். இன்னும் உப்பாத மாவு வெள்ளையாகவே நிற்கும். புள்ளி மறைந்தால் பதம்.

பதம் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அரிசி பதம், பாகு பதம், மண் பதம், மழை பெய்தபின் உழவுக்குப் பதம் என்று எதற்கெல்லாம் சொல்கிறோம்! தெர்மாமீட்டர் இல்லை, தராசு இல்லை, கடிகாரம் இல்லை. விரலும் மூக்கும் காதும்தான் கருவி. ஆனால் அளப்பது உண்மையான அளவைத்தான். எனக்கு இது பாகு விஷயத்தில் சூடு பட்டபிறகுதான் புரிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கச்சாயம் சுடுவதற்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் அதிரசம் என்பதை நாங்கள் கச்சாயம் என்போம். "சாமி, மாடு கத்துது, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன். கிண்டிக்கிட்டே இரு" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் கிண்டினேன். கொதிக்கிறதே, கொதிக்கிற பொருள் கொதித்துக்கொண்டே இருக்கும், இதில் என்ன அவசரம் என்று வெளியே பட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் புகை. பாகு கரிந்து கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் கச்சாயம் கிடையாது. அமுச்சி என்னைத் திட்டவில்லை. "தண்ணி மாதிரி நெனச்சுட்டயா கண்ணு?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அது சரியான அறிவியல் கேள்வி.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் அதன் வெப்பநிலை அங்கேயே நின்றுவிடும். கடல்மட்டத்தில் 100 டிகிரி. கோவை சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது ஏறத்தாழ 98.6 டிகிரி. 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். துடியலூர் வழியாகவே மேட்டுப்பாளையம் போய், மலையேறி, 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியை அடைந்தால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.

பாகு அப்படி இல்லை. அதிலே தண்ணீரும் சர்க்கரையும் கலந்திருக்கின்றன. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரை அங்கேயே நிற்கிறது. சர்க்கரை அடர்த்தி கூடக்கூட, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு விரலுக்கிடையே தொட்டு இழுத்தால் நூல்போல் நீளும்போது கம்பிப் பதம். 106லிருந்து 112 டிகிரிக்குள் இருக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் நின்று, விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால் உருட்டுப் பதம். 112லிருந்து 116. இன்னும் விட்டால் உருண்டையைத் தட்டில் போடும்போது 'டங்'கென்று சத்தம் கேட்கும். கடலை உருண்டைக்கு அது சரி, கச்சாயத்துக்கு ஆகாது. அமுச்சி கிண்ணத்தில் பார்த்தது வெப்பநிலையை. அதைவிடச் சரியாகச் சொன்னால், பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதை. தண்ணீரெல்லாம் போனபின் பாகின் சூடு வேகமாக ஏறும், சர்க்கரையே சிதைந்து கரியாகும். நான் பட்டம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில்தான்.

தண்ணீரைக் குறைத்தால் பண்டம் கெடாது என்பதற்கும் இதே பாகு சாட்சி. கிருமிகள் வாழத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை மிகுந்த இடத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் சர்க்கரையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்குச் சொட்டும் கிடைக்காது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம் இருந்தும் உடனே கெடாமல் இருப்பது இப்படித்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து நாட்டுச் சர்க்கரை போகிறது. பூப்பறிக்கப் போகும் பிள்ளைகள் கச்சாயத்தையும் முறுக்கையும் எடுத்துப்போவதன் ரகசியமும் அதுவே. தயிர்ச்சோறு மாலைக்குள் புளிக்கும், கச்சாயம் ஒரு வாரம் அசையாது.

அந்த வெல்லம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் கரும்பைப் பிழிந்து, பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுவார்கள். நூறு கிலோ கரும்பு வெட்டினால் பத்துக் கிலோவை ஒட்டித்தான் வெல்லம் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி சக்கையும் ஆவியும். காயும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பது சாற்றின் புளிப்பை முறிக்க. வெண்டைச் செடித் தண்டை நசுக்கிய கொழகொழ நீரை ஊற்றினால் அழுக்கெல்லாம் அதில் சிக்கி நுரையாக மேலே வரும், வழித்தெடுத்துவிடலாம். நல்ல வெல்லம் பழுப்பு நிறம்தான். மஞ்சளாக, பளபளப்பாக இருக்கும் வெல்லத்தைக் கண்டால் நான் கடையைத் தாண்டிப் போய்விடுவேன். பெரும்பாலும் வேதிப்பொருள் போட்டு வெளுத்தது அது.

கரும்பைப் பற்றி கோவைப் பிள்ளைகள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு சங்கதி உண்டு. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோவை ஏன்? கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். பூத்தால்தானே ஒன்றோடு ஒன்றை ஒட்டுச்சேர்க்க முடியும்! பார்பர் என்ற அறிஞரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த, சாறு மிகுந்த கரும்பையும், மெலிந்த ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் காட்டுப் புல் இனத்தையும் சேர்த்து, 1918இல் 'கோ 205' என்ற ரகத்தைக் கொடுத்தார்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர். வட இந்தியாவில் அது பரவியது. அதன்பின் வந்த 'கோ' ரகங்களின் ரத்தம் இன்றைக்கு உலகத்தின் பல நாட்டுக் கரும்பில் ஓடுகிறது. பின்னாளில் இதே நிலையத்தில் ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்போடு மக்காச்சோளத்தைக்கூடச் சேர்த்துப் பார்த்தவர் அவர். பொங்கலுக்கு நீங்கள் கடித்துத் துப்பும் கரும்பு வேறு ரகமாக இருக்கலாம். வெல்லத்துக்குள் இருப்பதில் கோவைக்காரப் பங்கு நிச்சயம் இருக்கும்.

மத்தியானத்துக்குச் சந்தகை. கொங்கு வீடுகளில் விருந்தாளி வந்தால், புது மாப்பிள்ளை வந்தால், நோன்பி, அதாவது பண்டிகை வந்தால் சந்தகைதான். புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லிபோல் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் போட்டுப் பிழியவேண்டும். தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிக்கொண்டால் வட்டில் காலியாவது தெரியாது. 'சூடாக இருக்கும்போதே' என்பதில் இருக்கிறது சங்கதி. வெந்த மாவுச்சத்து ஆறினால், அதன் நீண்ட சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று அணிவகுத்து இறுகிவிடும். பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். ஆறிய மாவை அச்சில் போட்டால் அப்பா தொங்கினாலும் இறங்காது. முன்பு மரக்கட்டை அச்சில் நீளமான கழியைப் பூட்டி, அதன் முனையை அழுத்திப் பிழிவார்கள். நெம்புகோல். கழி எவ்வளவு நீளமோ அவ்வளவு லேசு. எங்கள் வீட்டில் கழியின் முனையில் உட்காரும் வேலை பிள்ளைகளுக்கு. சின்னப் பிள்ளையின் எடையே போதும் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

கம்பு விஷயத்தில் பதம் பார்ப்பது மூக்கு. கம்பின் முளைப்பகுதியில் எண்ணெய்ச் சத்து அதிகம். மாவாக்கியதும் அதிலிருக்கும் நொதிகள் அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். சில நாளில் மாவு சிக்கு நாற்றம் அடித்துக் கசக்கும். அதனால்தான் அந்தக்காலத்தில் கம்பை மணியாகவே குதிரில் வைத்திருந்து, வேண்டியபோது வேண்டிய அளவுக்கு உரலில் இடித்தார்கள். இதைச் சோம்பல் இல்லாத வாழ்க்கை என்று புகழ்வது என் வேலை இல்லை. இடித்த பெண்களின் தோள்வலி எனக்குத் தெரியும். ஆனால் காரணம் இருந்தது. காய்ச்சிய கூழை மண்பானையில் இரவு முழுவதும் விட்டால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலை செய்யும். கூழ் இதமாகப் புளிக்கும். கம்பில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்று அதை நம் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்திருக்கும். புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கோவையிலோ சிறுதானியத்துக்கென்று 1923லேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம். பட்டிப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதத்தை ஒட்டித்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும், தெரியுமா? வாசலில் சாணம் மெழுகுகிறார்கள். சாணம் கிருமிநாசினி என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பச்சைச் சாணத்தில் கிருமிகள் உண்டு, இரண ஜன்னி உண்டாக்கும் கிருமியின் விதையும் இருக்கலாம். காயத்தில் படவே கூடாது. பின் ஏன் மெழுகினார்கள்? மாடு தின்ற வைக்கோலின் நார் சாணத்தில் பொடிப்பொடியாக இருக்கிறது. அந்த நார் மண்ணைப் பிணைத்து, தரை வெடிக்காமலும் புழுதி கிளம்பாமலும் பார்த்துக்கொள்ளும். இல்லாத பெருமையை ஏற்றவேண்டாம். இருக்கிற பெருமையே போதும்.

இதே எருதுகள் ஒரு காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தன. அதற்குக் கவலை என்று பெயர். கோவைப் பக்கத்துக் கிணறுகள் ஆழம், தண்ணீர் இலேசில் வராது. எருதுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவான தடத்தில் கீழ்நோக்கி நடக்கும். ஏன் சரிவு? பத்தடிக்கு ஓரடி இறங்கும் தடம், எருது 400 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் எடையே ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுத்துக்கொடுக்கும். இனாமா? இல்லை. திரும்பி மேலே ஏறும்போது அந்தக் கடனை எருது அடைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அப்போது தண்ணீர் மொள்ளும் சால் காலி, சுமை இல்லை. பளு இருக்கும்போது கடன் வாங்கி, பளு இல்லாதபோது அடைப்பது. சாலின் அடியில் தும்பி என்று ஒரு தோல்குழாய் தொங்கும். அதற்குத் தனியாக ஒரு வால்கயிறு. கீழே இருக்கும்போது தும்பி மடங்கி மேல்நோக்கி நிற்கும். மேலே வந்ததும் வால்கயிறு அதை வாய்க்கால் பக்கம் இழுத்துவிட, தண்ணீர் தானே கொட்டிவிடும். சாய்த்துவிட ஆள் தேவையில்லை. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்சாரம் சமவெளிக்கு வந்ததும், பம்புசெட்டு பெருகிக் கவலை மெல்ல ஓய்ந்தது. எருதுகளுக்கு வருத்தம் இருந்திருக்காது.

இருட்டியதும் பறை. அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, பறையை அதன்மேல் காட்டிக் காய்ச்சுவார்கள். தை மாதப் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துபோயிருக்கும். தொய்ந்த தோலில் 'பொத்'தென்று சத்தம் வரும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும், ஒலி கூர்மையாகும். இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரண்டு மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. கலைஞர் கணக்குப் போடுவதில்லை. காய்ச்சுவார், ஒரு தட்டுத் தட்டிக் கேட்பார், மறுபடி காய்ச்சுவார். இங்கே பதம் பார்ப்பது காது. துடி என்பதும் ஒருவகைப் பறைதான், இடை ஒடுங்கியது. துடியலூரின் பெயர் அதிலிருந்துதான் வந்ததா என்பதைப் பெயராய்வு செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஊருக்குத் துடிசை என்றும் ஒரு பெயர் உண்டு.

இனி உங்கள் முறை. 100 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20ஐக் கல்லில் உரசி வெள்ளையாக்குங்கள். ஒரு சொம்பில் முதலில் கறுப்பு 80, அதன்மேல் வெள்ளை 20 போட்டு, கலக்காமல் மேலே இருந்து 10 எடுங்கள். பத்தும் வெள்ளை! சொம்பு முழுவதும் வெள்ளை என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 10 எடுங்கள். இரண்டை ஒட்டி வெள்ளை வரும். சில தடவை ஒன்று வரும், சில தடவை நான்குகூட வரும். எடுத்ததைத் திரும்பப் போட்டு, குலுக்கி, பத்துத் தடவை செய்து கூட்டிப் பாருங்கள். 20க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு சோறு பதம் என்பதை நீங்களே சோதித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் அமுச்சியிடமோ அப்பத்தாவிடமோ, 'பதம் வந்துருச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?' என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டரை வைத்து, அவர்கள் 'இப்பப் பதம்' என்று சொல்லும் நொடியில் எத்தனை டிகிரி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாகின் பக்கம் மட்டும் பெரியவர்கள் இல்லாமல் போகவேண்டாம். கொதிதண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். 115 டிகிரிப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு விடாது.